வேரை மறந்த கிளை: யூத – கிறிஸ்தவ ஒப்புரவு பற்றி ஓர் அறிமுகம்

புனித வெள்ளியன்று கத்தோலிக்க ஆலயங்களில் இயேசுவின் துன்பத்தையும் சாவையும் பற்றி யோவான் எழுதிய திருப்பாடுகள் வாசிக்கப்பட்ட பின்னர், பத்துப் பொது மன்றாட்டுகள் சொல்லப்படுகின்றன. திருச்சபைக்காக, திருத்தந்தைக்காக, திருமுழுக்குப் பெறக் காத்திருப்பவர்களுக்காக என்று வரிசையாக வரும் அவற்றில் ஆறாவது மன்றாட்டு யூத மக்களுக்கானது. கடவுள் முதன்முதலில் பேசியது அவர்களிடம்தான் என்று அது நினைவுகூர்கிறது. அவருடைய பெயரின் மீது கொண்ட அன்பிலும் அவருடைய உடன்படிக்கைக்கு உண்மையாக இருப்பதிலும் அவர்கள் வளர வேண்டும் என்று கேட்கிறது. இன்று சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இதைக் கேட்கும் ஒருவருக்கு இதில் வியப்பதற்கு எதுவும் இருப்பதாகத் தோன்றாது.

எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு முன்பு இதே இடத்தில் லத்தீன் மொழியில் சொல்லப்பட்ட வேண்டுதல் வேறு. அதில் யூதர்கள் 'பெர்ஃபிதிஸ்' என்ற அடைமொழியோடு குறிக்கப்பட்டார்கள். பழைய லத்தீனில் அந்தச் சொல்லுக்கு 'நம்பிக்கை கொள்ளாத' என்றே பொருள் என்று அறிஞர்கள் சிலர் வாதிட்டாலும், ஐரோப்பிய மொழிகளில் அது 'நம்பிக்கைத் துரோகம் செய்த' என்ற பொருளிலேயே மக்கள் காதில் விழுந்தது. அதைவிடக் கூர்மையானது உடலசைவு. மற்ற வேண்டுதல்கள் ஒவ்வொன்றுக்கும் மக்கள் முழங்காலிட்டு எழுந்தார்கள்; யூதர்களுக்கான வேண்டுதலுக்கு மட்டும் யாரும் முழங்காலிடவில்லை. எழுத்தறியாத ஒருவரும், லத்தீன் தெரியாத ஒருவரும், ஆண்டுதோறும் அந்த ஒரு கணத்தில் நின்றுகொண்டே இருந்ததன் வழியாக ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள்.

1955-இல் முழங்காலிடுதல் மீண்டும் சேர்க்கப்பட்டது. 1959-இல் திருத்தந்தை 23-ஆம் யோவான் அந்த அடைமொழியை நீக்கினார். 1970-இல் மன்றாட்டே புதிதாக எழுதப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குள் நிகழ்ந்த இந்த மாற்றத்தின் பின்னால் இருப்பதைத்தான் யூத – கிறிஸ்தவ ஒப்புரவு என்கிறோம்.

'ஒப்புரவு' என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒரு விளக்கம் தேவை. திருக்குறளின் 'ஒப்புரவறிதல்' அதிகாரத்தில் அது ஊருக்குப் பயன்பட வாழும் பண்பைக் குறிக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவ வழக்கில் அது முறிந்த உறவைச் சரிசெய்வதைக் குறிக்கிறது. இந்தக் கட்டுரை பேசுவது இரண்டாவது பொருளில். ஆனால் இரு தரப்பினரும் சமமாகத் தவறு செய்து, சமமாக விட்டுக்கொடுத்துச் சமாதானமான கதை அல்ல இது. பல நூற்றாண்டுகள் ஆட்சியதிகாரத்தோடு இணைந்திருந்த பெரும்பான்மைச் சமயம், தன் நடுவே வாழ்ந்த சிறுபான்மையினரைப் பற்றித் தான் கற்பித்துவந்ததைத் திரும்பப் படித்து, அதில் பொய்யானதைப் பொய் என்று ஒத்துக்கொண்ட கதை.

முதலில், இரு சமயங்களுக்கும் பொதுவானது எது என்று பார்ப்போம். இயேசு யூதர். எட்டாம் நாளில் விருத்தசேதனம் செய்யப்பட்டவர். ஓய்வுநாளில் நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் எழுந்து நின்று ஏசாயாவின் சுருளை வாசித்தவர். அவருடைய தாயும் பன்னிரு சீடர்களும் பவுலும் யூதர்களே. கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்று அழைப்பது யூதர்களின் திருநூலே. யூதர்கள் அதை 24 நூல்களாக எண்ணுகிறார்கள். அதே உள்ளடக்கத்தைச் சீர்திருத்தச் சபையினர் 39 நூல்களாகப் பிரித்திருக்கிறார்கள். கத்தோலிக்கர்கள் மேலும் சிலவற்றைச் சேர்த்து 46 நூல்களாகக் கொள்கிறார்கள். கட்டளைகளில் முதன்மையானது எது என்று கேட்டவரிடம் இயேசு, "இஸ்ரயேலே, கேள்" என்று தொடங்கும் வாசகத்தையே விடையாகச் சொல்கிறார். அது இணைச்சட்ட நூலில் உள்ளது. பக்தியுள்ள யூதர்கள் இன்றும் காலையிலும் மாலையிலும் அதைச் சொல்கிறார்கள். அயலாரை அன்புசெய்யச் சொல்லும் இரண்டாவது கட்டளையும் அவர் புதிதாகச் சொன்னது அன்று, லேவியர் நூலில் இருப்பது.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இந்த உறவு நாக்கின் நுனியிலேயே இருக்கிறது. ஆமேன், அல்லேலூயா, ஓசன்னா ஆகியவை எபிரேயச் சொற்கள். தவக்காலத்தில் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நடிக்கப்படும் பாஸ்கு நாடகத்தின் பெயர், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை யூதர்கள் கொண்டாடும் 'பெசாக்' விழாவின் பெயரிலிருந்து பல மொழிகள் கடந்து வந்தது. இறந்தவரை அடக்கம் செய்யும்போது "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று நாம் வாசிக்கும் 23-ஆம் சங்கீதத்தை யூதர்களும் தங்கள் அடக்கச் சடங்கில் ஓதுகிறார்கள். உணவுக்கு முன் அப்பத்தைக் கையில் எடுக்கும் யூதர், நிலத்திலிருந்து அப்பத்தை விளைவிக்கும் ஆண்டவரைப் போற்றிச் சொல்லும் ஒற்றை வாக்கியத்தைக் கத்தோலிக்கத் திருப்பலியில் அப்பத்தை உயர்த்திக் குருவானவர் சொல்லும் வேண்டுதலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாவது முதலாவதை மாதிரியாகக் கொண்டு எழுதப்பட்டது என்பது உடனே விளங்கும்.

வேறுபாடுகளை மழுப்ப வேண்டியதில்லை. இயேசுவை மெசியா, அதாவது வாக்களிக்கப்பட்ட மீட்பர், என்று யூத சமயம் ஏற்கவில்லை. கடவுள் மனிதரானார் என்பதையும் மூவொரு கடவுள் என்ற கோட்பாட்டையும் அது ஏற்கவில்லை. யூத சமயத்தைத் தாய் என்றும் கிறிஸ்தவத்தை மகள் என்றும் சொல்வது வழக்கம். அது முழுவதும் பொருந்தாது என்பது என் கருத்து. கி.பி. 70-இல் உரோமையர் எருசலேம் கோவிலை இடித்த பின்பு, பலியும் குருக்களும் இல்லாத நிலையில், ரபிகள் என்னும் சமய ஆசிரியர்களின் வழிகாட்டுதலில் யூத சமயமும் புது உருக்கொண்டது. அதே காலத்தில்தான் கிறிஸ்தவமும் உருப்பெற்றது. ஒரே வயிற்றில் பிறந்த இரு பிள்ளைகள் என்பதே உண்மைக்கு நெருக்கமான உவமை. உடன்பிறந்தாரின் பகை எவ்வளவு கொடியதாகும் என்பதைத் தொடக்கநூலே, தம்பியைக் கொன்ற காயீனில் தொடங்கிச் சொல்கிறது.

பகை குடும்பச் சண்டையாகத்தான் தொடங்கியது. புதிய ஏற்பாட்டில் காணும் கடுஞ்சொற்கள் பெரும்பாலும் யூதர்கள் யூதர்களோடு வாதிட்டவை; இறைவாக்கினர் எரேமியா தம் மக்களைக் கடிந்துகொண்டதைப் போன்றவை. ஆனால் அந்தச் சொற்களைப் பின்னர் யூதரல்லாத கிறிஸ்தவர்கள் கையில் எடுத்தபோது அவை வேறொன்றாயின. இயேசுவைக் கொன்ற குற்றம் எல்லாக் காலத்து யூதர்கள் மீதும் இருக்கிறது, அவர்கள் கடவுளையே கொன்றவர்கள், ஆகவே அவர்களோடு செய்த உடன்படிக்கை முறிந்து அந்த இடத்தில் திருச்சபை அமர்ந்துவிட்டது என்ற கருத்து வேரூன்றியது. இறையியலில் இதைப் பதிலீட்டுக் கோட்பாடு என்பார்கள். கி.பி. 386, 387-ஆம் ஆண்டுகளில் அந்தியோக்கியாவில் யோவான் கிறிசோஸ்தோம் ஆற்றிய மறையுரைகளில் இந்த வெறுப்பு கொதிநிலையில் இருப்பதை இன்றும் படிக்கலாம். அங்கிருந்து நீளும் பட்டியலை விரைவாகவே கடக்கிறேன்: 1096-இல் சிலுவைப் போருக்குப் புறப்பட்டவர்கள் ரைன் ஆற்றங்கரை நகரங்களில் நிகழ்த்திய படுகொலைகள், யூதர்கள் உடையால் அடையாளம் காணப்பட வேண்டும் என்ற 1215-ஆம் ஆண்டுத் திருச்சபைப் பொதுச்சங்கத்தின் ஆணை, 1290-இல் இங்கிலாந்திலிருந்தும் 1492-இல் ஸ்பெயினிலிருந்தும் வெளியேற்றம், தொழுகைக்கூடங்களை எரிக்கச் சொல்லி 1543-இல் மார்ட்டின் லூத்தர் எழுதியது.

இந்தப் பாடத்தைக் கல்லில் பார்க்க விரும்புபவர் ஸ்ட்ராஸ்பூர் பேராலயத்தின் தெற்கு வாசலில் நின்றிருந்த, ஏறத்தாழ 1230-இல் செதுக்கப்பட்ட இரு பெண் சிலைகளைப் பார்க்க வேண்டும். ஒருத்தி திருச்சபை: தலையில் மணிமுடி, ஒரு கையில் சிலுவைக் கொடி, மறு கையில் கிண்ணம், நிமிர்ந்த பார்வை. மற்றவள் தொழுகைக்கூடம், அதாவது யூத சமயம்: கண்கள் துணியால் கட்டப்பட்டிருக்கின்றன, ஈட்டி முறிந்திருக்கிறது, சட்டப் பலகைகள் கைநழுவுகின்றன. வருத்தம் தருவது என்னவென்றால், சிற்பி அவளையும் அழகாகவே செதுக்கியிருக்கிறார். தோற்றுப் போனவளின் அழகு அது.

யூத இனப் படுகொலை நாத்சிகள் செய்தது. அவர்களுடைய இனவெறிக் கொள்கை கிறிஸ்தவ இறையியலிலிருந்து பிறந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் 60 இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டது திருமுழுக்குப் பெற்றவர்கள் நிறைந்த ஒரு கண்டத்தில். அக்கம்பக்கத்தார் இழுத்துச் செல்லப்பட்டபோது அத்தனை பேர் எப்படி வாளாவிருந்தார்கள் என்ற கேள்விக்கு, பல நூற்றாண்டுகளாகக் கேட்டுப் பழகிய போதனையும் விடையின் ஒரு பகுதி.

அந்தக் கேள்வியை விடாமல் கேட்டவர் ஜூல் இசாக். 1877-இல் பிறந்த பிரெஞ்சு வரலாற்றறிஞர்; பிரான்சில் பல தலைமுறை மாணவர்கள் படித்த வரலாற்றுப் பாடநூல்களை எழுதியவர்; கல்வித்துறையில் தலைமை ஆய்வாளராக உயர்ந்தவர். 1940-இல், நாத்சி ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசு இயற்றிய யூதர் சட்டம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. தலைமறைவாக வாழ்ந்தபடியே, நற்செய்திகள் உண்மையில் யூதர்களைப் பற்றி என்ன சொல்கின்றன, அவற்றின்மீது உரையாசிரியர்கள் எதை ஏற்றிச் சொன்னார்கள் என்று வரி வரியாக ஆராயத் தொடங்கினார். 1943 அக்டோபரில் ரியோம் என்ற ஊரில் அவருடைய மனைவியும் மகளும் கைதுசெய்யப்பட்டார்கள். தற்செயலாக வெளியே சென்றிருந்ததால் அவர் மட்டும் தப்பினார். கைதிலிருந்து மனைவி அனுப்பிய குறிப்பு, அவர் தம் பணிக்காகத் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும், உலகம் அந்தப் பணிக்காகக் காத்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டது. மனைவியும் மகளும் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார்கள். 'இயேசுவும் இஸ்ரயேலும்' என்ற அவருடைய நூல் 1948-இல் வெளிவந்தபோது, இசாக் என்ற பெயரைத் தாங்கியிருந்த ஒரே காரணத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள் என்று சொல்லி, அதை அவ்விருவரின் நினைவுக்கே காணிக்கையாக்கினார். இசாக் என்பது நம் ஊர்களில் ஈசாக்கு என்று வழங்கும் பெயர்தான். ஆபிரகாமின் மகன் பெயரைத் தங்கள் பிள்ளைகளுக்கு அன்போடு சூட்டும் கிறிஸ்தவக் குடும்பங்கள், அந்தப் பெயரே ஒருவருக்கு மரண தண்டனையாகிவிட்ட காலத்தை ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இசாக் பழிவாங்கக் கேட்கவில்லை, திருத்தம் கேட்டார். 1947-இல் சுவிட்சர்லாந்தின் ஸீலிஸ்பெர்க்கில் கூடிய மாநாட்டில் அவர் முன்வைத்த கருத்துகளை அடிப்படையாகக் கொண்டு, கிறிஸ்தவப் பங்கேற்பாளர்கள் திருச்சபைகளுக்குப் பத்து அறிவுரைகளை வகுத்தார்கள். இரு ஏற்பாடுகளிலும் பேசுபவர் ஒரே கடவுள் என்பதையும், இயேசு யூதத் தாய்க்குப் பிறந்தவர் என்பதையும் மறக்கக் கூடாது. பாடுகளைப் பற்றிக் கற்பிக்கும்போது பழியை யூதர்கள் அனைவர்மீதும் சுமத்தக் கூடாது. இன்று எளிமையாகத் தெரியும் இவை அன்று எழுதிக் கொடுக்க வேண்டியவையாக இருந்தன. 1960 ஜூன் 13 அன்று 82 வயது இசாக் திருத்தந்தை 23-ஆம் யோவானைச் சந்தித்து, கூடவிருக்கும் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் இதை ஆராய வேண்டும் என்று கேட்டார். சிறிதளவு நம்பிக்கையையாவது எடுத்துச் செல்லலாமா என்று புறப்படும்போது அவர் வினவ, நம்பிக்கையைவிட அதிகமானதைப் பெற உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று திருத்தந்தை பதிலளித்தார். அந்தத் திருத்தந்தை, போர்க்காலத்தில் இஸ்தான்புல்லில் வத்திக்கானின் பிரதிநிதியாக இருந்தபோது, தப்பியோடிய யூதர்களுக்கு உதவியவர். அதே ஆண்டு அக்டோபரில் தம்மைக் காண வந்த அமெரிக்க யூதக் குழுவினரை, "நான் யோசேப்பு, உங்கள் சகோதரன்" என்று வரவேற்றார். யோசேப்பு என்பது அவருடைய திருமுழுக்குப் பெயர்களுள் ஒன்று. எகிப்தில் தம்மை விற்ற சகோதரர்களிடம் யோசேப்பு தம்மை வெளிப்படுத்திய காட்சி யூதர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் மனப்பாடமான ஒன்று.

யூதர்களைப் பற்றிச் சங்கம் வெளியிட வேண்டிய அறிக்கையின் வரைவை உருவாக்கும் பொறுப்பு ஜெர்மானிய விவிலிய அறிஞரான கர்தினால் அகுஸ்டின் பேயாவிடம் தரப்பட்டது. பாதை நேராக இருக்கவில்லை. இது இஸ்ரேல் அரசுக்கு ஆதரவாகப் புரிந்துகொள்ளப்படும் என்று அரபு நாடுகளும், தங்கள் மக்களுக்கு ஆபத்து வரும் என்று கீழைத் திருச்சபைகளின் ஆயர்களும் அஞ்சினார்கள். ஆகவே இந்து, பௌத்த, இஸ்லாமிய சமயங்களையும் தழுவியதாக ஆவணம் விரிந்தது. 1964-இல் ஒரு வரைவு, யூதர்கள் இறுதியில் திருச்சபையில் இணைவார்கள் என்ற எதிர்பார்ப்பைக் குறிப்பிட்டபோது, அமெரிக்க ரபி ஏப்ரகாம் ஜோஷுவா ஹெஷல், மதமாற்றமா மரணமா என்று கேட்டால் எந்நேரமும் ஆஷ்விட்ஸுக்குச் செல்ல ஆயத்தமாக இருக்கிறேன் என்று எழுதினார். தாயையும் உடன்பிறந்தவர்களையும் நாத்சிகளிடம் இழந்தவரின் சொற்கள் அவை. அந்த வரி நீக்கப்பட்டது.

1965 அக்டோபர் 28 அன்று 'நோஸ்த்ரா ஏத்தாத்தே', அதாவது 'நம் காலத்தில்' என்ற அறிக்கை, 2,221 ஆதரவு வாக்குகளோடும் 88 எதிர்ப்பு வாக்குகளோடும் நிறைவேறியது. யூதர்களைப் பற்றிய அதன் நான்காம் பகுதி மிகச் சிறியது. இயேசுவின் பாடுகளில் நிகழ்ந்தவற்றுக்கு அன்று வாழ்ந்த எல்லா யூதர்களையும் பாகுபாடின்றிக் குற்றம் சாட்ட முடியாது, இன்றைய யூதர்களையும் குற்றம் சாட்ட முடியாது என்றும், அவர்கள் கடவுளால் தள்ளப்பட்டவர்கள் அல்லது சபிக்கப்பட்டவர்கள் என்று காட்டக் கூடாது என்றும், யூத வெறுப்பு எக்காலத்தில் எவரிடமிருந்து வந்தாலும் கண்டிக்கப்பட வேண்டியது என்றும் அது சொல்கிறது. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. இது உண்மையான குறை. அன்றே பலர் சுட்டிக்காட்டினார்கள்.

அந்தப் பகுதி ஊன்றி நிற்பது உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 11-ஆம் அதிகாரத்தில். அங்கே பவுல் ஒலிவ மரத்தை உவமையாகக் கொள்கிறார். இஸ்ரயேல் நல்ல ஒலிவ மரம். மற்ற இனத்துக் கிறிஸ்தவர்கள் அதில் ஒட்டுப்போடப்பட்ட காட்டு ஒலிவக் கிளைகள். நீ பெருமை பாராட்டினால், வேரை நீ சுமக்கவில்லை, வேரே உன்னைச் சுமக்கிறது என்பதை நினைத்துக்கொள் என்று அந்தக் கிளையிடம் அவர் சொல்கிறார். கடவுள் கொடுத்த கொடைகளும் அழைப்பும் திரும்பப் பெறப்படாதவை என்றும் அதே அதிகாரத்தில் எழுதுகிறார். முதல் நூற்றாண்டிலேயே எழுதப்பட்ட எச்சரிக்கை இது; கிளை அதைக் காதில் வாங்க ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகள் பிடித்தன.

அறிக்கைக்குப் பின் செயல்கள் வந்தன. 1986 ஏப்ரல் 13 அன்று இரண்டாம் ஜான் பால் உரோமையின் பெரிய தொழுகைக்கூடத்துக்குச் சென்று, தலைமை ரபி எலியோ தோவாஃபைத் தழுவிக்கொண்டு, யூதர்கள் தங்கள் அன்புச் சகோதரர்கள், ஒரு வகையில் மூத்த சகோதரர்கள் என்றார். அந்தக் கட்டடம் நிற்கும் பகுதி, 1555-இல் ஒரு திருத்தந்தையே யூதர்களைச் சுவருக்குள் அடைத்த சேரி. 1943 அக்டோபர் 16 அன்று அங்கிருந்தும் நகரின் மற்றப் பகுதிகளிலிருந்தும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் பிடித்துச் செல்லப்பட்டார்கள். வத்திக்கானிலிருந்து நடந்தே போகக்கூடிய அந்த இடத்துக்கு ஒரு திருத்தந்தை வழிபாட்டு நேரத்தில் வந்து சேர அவ்வளவு காலமானது. 1965-இல் சொல்லப்படாத மன்னிப்பை 2000 மார்ச் 26 அன்று அவரே கேட்டார். யூதர்கள் புனிதமாகப் போற்றும் எருசலேமின் மேற்குச் சுவரின் கல்லிடுக்கில் அவர் வைத்த தாளில், இந்த உம் பிள்ளைகளைத் துன்புறுத்தியவர்களின் செயல்களுக்காக வருந்தி உம் மன்னிப்பைக் கேட்கிறோம் என்று கடவுளை நோக்கிய வேண்டுதல் இருந்தது. சீர்திருத்தச் சபைகளும் தம் வழியில் நடந்தன: ஜெர்மனியின் ரைன்லாந்துத் திருச்சபை யூத இனப் படுகொலையில் தனக்கும் பொறுப்பு உண்டு என்பதை 1980-இல் ஏற்றது, அமெரிக்காவின் மிகப் பெரிய லுத்தரன் திருச்சபை 1994-இல் யூதர்களுக்கு எதிரான லூத்தரின் எழுத்துகளை வெளிப்படையாக மறுத்தது.

யூதர்கள் தரப்பிலிருந்து 2000 செப்டம்பரில் 'தாப்ரு எமேத்', அதாவது 'உண்மையைப் பேசுங்கள்' என்ற அறிக்கை வந்தது. இரு சமயத்தாரும் வழிபடுவது ஒரே கடவுளை என்று சொன்ன அதில் இருநூறுக்கும் மேற்பட்ட ரபிகளும் அறிஞர்களும் கையெழுத்திட்டார்கள். வேறுபாடுகளை அது குறைத்துக் காட்டுகிறது என்று எதிர்த்த யூத அறிஞர்களும் உண்டு. அந்த எதிர்ப்புக்கும் மதிப்புத் தர வேண்டும். ஒருவர் தம் வேறுபாட்டைக் காத்துக்கொள்ள உரிமை பெறுவதும் ஒப்புரவின் பகுதியே.

தீராத கேள்விகள் இருக்கின்றன. யூதர்கள் மனம்மாற வேண்டும் என்று கிறிஸ்தவர்கள் மன்றாடலாமா? 2008-இல் 16-ஆம் பெனடிக்ட், பழைய லத்தீன் வழிபாட்டைப் பின்பற்றுவோருக்காகத் திருத்திய புனித வெள்ளி மன்றாட்டு, யூதர்கள் இயேசுவை மீட்பராக ஏற்க வேண்டும் என்று கேட்டதால் பழைய புண் மீண்டும் கிளறப்பட்டது. 2015-இல் வெளியான வத்திக்கான் ஆவணம் ஒன்று, யூதர்களைக் குறிவைக்கும் நிறுவனம் சார்ந்த மறைபரப்புப் பணி எதையும் கத்தோலிக்கத் திருச்சபை நடத்துவதுமில்லை, ஆதரிப்பதுமில்லை என்று தெளிவாக்கியது. ஆனால் எல்லாச் சபைகளும் அப்படிக் கருதவில்லை. இன்னொரு கேள்வி இஸ்ரேல் – பாலஸ்தீனம் பற்றியது. இந்த உரையாடலில் தங்கள் நிலமும் துயரமும் காணாமற்போகின்றன என்று பாலஸ்தீனக் கிறிஸ்தவர்கள் முறையிடுகிறார்கள்; அது நியாயமான முறையீடு. யூத மக்களோடு கொள்ளும் சமய ஒப்புரவு, ஓர் அரசின் ஒவ்வொரு செயலையும் ஏற்பதாக ஆகாது. அரசின்மீது கொண்ட சினம் யூதர்களைப் பற்றிய பழைய பொய்களை உயிர்ப்பிக்கவும் கூடாது.

2015-இல் ஃபிலடெல்ஃபியாவின் செயின்ட் ஜோசப் பல்கலைக்கழகத்தில் ஒரு புதிய சிலை நிறுவப்பட்டது. ஸ்ட்ராஸ்பூரின் அதே இரு பெண்கள். இப்போது இருவர் தலையிலும் மணிமுடி இருக்கிறது. யார் கண்ணும் கட்டப்படவில்லை. அருகருகே அமர்ந்து, ஒருத்தி யூதர்களின் திருச்சட்டமான தோராவின் சுருளையும் மற்றவள் விவிலியத்தையும் விரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருத்தியும் மற்றவள் மடியிலுள்ள நூலைப் பார்க்கிறாள். அவ்வாண்டு செப்டம்பரில் அங்கு வந்த திருத்தந்தை பிரான்சிஸ், தம் நண்பரான ரபி ஏப்ரகாம் ஸ்கோர்கா உடனிருக்க, அதை ஆசீர்வதித்தார்.

நம் ஆலயங்களில் ஒவ்வொரு புனித வெள்ளியும் வாசிக்கப்படும் யோவானின் திருப்பாடுகளில் 'யூதர்' என்ற சொல் இருபது முறைக்கும் மேல் வருகிறது. பல இடங்களில் அது குறிப்பது எருசலேமின் அதிகாரத் தலைமையை. ஆனால் கேட்பவர் காதில் அது ஒரு முழு இனத்தின் பெயராகவே விழுகிறது. மறையுரை ஆற்றுபவரும் பாஸ்கு நாடகத்துக்கு வசனம் எழுதுபவரும் அதை விளக்காமல் விட்டால், பழைய பாடமே திரும்பவும் கற்பிக்கப்படும். விளக்குவதற்கு வேண்டியது அந்த வாசகத்தின் முடிவிலேயே இருக்கிறது. சீடர்கள் பெரும்பாலோர் சிதறிப் போயிருந்த வேளையில், அரிமத்தியா ஊர் யோசேப்பு உரோமை ஆளுநர் பிலாத்துவிடம் சென்று உடலைக் கேட்டு வாங்குகிறார். நிக்கதேம் வெள்ளைப்போளமும் அகிலும் கலந்த நறுமணப் பொருளைச் சுமந்து வருகிறார். யூதர்களான அந்த இருவரும், யூதரான இயேசுவின் உடலை, யூதர்களின் அடக்க முறைப்படி துணிகளால் சுற்றிக் கட்டுகிறார்கள்.